தினமும் ஒரு கூல்டிரிங்ஸ்: பத்து ரூபாய் பாட்டில் உடம்புக்குள் என்ன செய்கிறது? புதுச்சேரிக்கு ஏன் கூடுதல் கவலை?

புதுச்சேரியிலிருந்து சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு பக்கம் மதிய வெயிலில் ஒரு பெட்டிக்கடையைப் பாருங்கள். கடைக்கு முன்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ். உள்ளே சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு என்று பாட்டில்கள். தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள், கடலிலிருந்து திரும்பிய மீனவர்கள், பஸ்ஸுக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் என எல்லாருக்கும் எட்டுகிற விலையில் அதில் ஒரு பொருள் இருக்கிறது. 200 மில்லி கூல்டிரிங்ஸ், பத்து ரூபாய்.

ஒரு காலத்தில் இதற்கு 'கலர்' என்று பெயர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், "ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிட்டு வா" என்று பிள்ளைகளை அனுப்புவார்கள். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால்தான் பாட்டில் திறக்கும். இன்று டீயைப் போல அது தினசரிப் பழக்கம். கேள்வியே இங்கேதான் வருகிறது. எப்போதாவது ஒன்று குடித்தால் உடம்பு சமாளித்துக்கொள்ளும். தினமும் ஒன்று என்றால்?

சுருக்கமான பதில்: உடல் எடை, டைப் 2 சர்க்கரை நோய், கல்லீரலில் கொழுப்பு, பல் சொத்தை, யூரிக் அமிலம் ஆகிய ஐந்துக்கும் தினசரி இனிப்புப் பானத்துக்கும் உள்ள தொடர்பை உறுதியான ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் புதுச்சேரிக்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவனிக்க வேண்டிய காரணம் இருக்கிறது.

நாலு பேரில் ஒருவர்

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்திய 'இந்தியாப்' ஆய்வின் முடிவு 2023 ஜூனில் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியானது. 31 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 20 வயதைக் கடந்த 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்து எடுத்த கணக்கு அது. நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சர்க்கரை நோய், இன்னொரு 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய கட்டத்தில் என்பதுதான் அன்று தலைப்புச் செய்தி ஆனது.

நமக்கான செய்தி அட்டவணைக்குள் இருந்தது. சர்க்கரை நோயாளிகள் விகிதத்தில் முதலிடம் கோவா, 26.4 சதவீதம். இரண்டாவது புதுச்சேரி, 26.3 சதவீதம். தேசிய சராசரி 11.4. பக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு 14.4. அதாவது புதுச்சேரியில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு சர்க்கரை. அதே ஆய்வில் உடல் பருமனிலும் தொப்பையிலும் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்குத்தான். பருமன் 53.3 சதவீதம், வயிற்றுப் பருமன் 61.2 சதவீதம்.

இதற்கெல்லாம் கூல்டிரிங்ஸ்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தட்டு நிறைய சோறு, நடை குறைந்தது, வண்டி பெருகியது, வயது, பரம்பரை என்று பல காரணங்கள் உண்டு. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இதே ஆய்வுக் குழு 2025-ல் சொன்னது. ஆனால் ஒன்று. சோற்றைக் குறைப்பது கஷ்டம், வேலையை மாற்றுவது அதைவிடக் கஷ்டம், பரம்பரையை ஒன்றும் செய்ய முடியாது. உடம்புக்கு எந்தச் சத்தையும் தராமல் சர்க்கரையை மட்டும் கொண்டுவரும் பாட்டிலை நிறுத்துவது இந்தப் பட்டியலிலேயே சுலபமான வேலை. சுலபமானதை முதலில் செய்வது நல்லதுதானே.

ஒரு பாட்டிலில் எவ்வளவு சர்க்கரை?

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் ஊட்டச்சத்துப் பட்டியல் இருக்கும். சாதாரண கோலா, ஆரஞ்சு, எலுமிச்சை பானங்களில் 100 மில்லிக்கு சுமார் 10 முதல் 13 கிராம் வரை சர்க்கரை இருப்பது வழக்கம். அங்கே 100 மில்லிக்கு என்றுதான் போட்டிருப்பார்கள், முழு பாட்டிலுக்கு அல்ல. அதனால் எண் சின்னதாகத் தெரியும். பெருக்கிப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

10.5 கிராம் என்று வைத்துக்கொண்டால், பத்து ரூபாய் 200 மில்லி பாட்டிலில் 21 கிராம். வீட்டு டீஸ்பூனில் தலைதட்டி அளந்தால் நாலு ஸ்பூனுக்கு மேல். 600 மில்லி பாட்டிலில் 63 கிராம், பன்னிரண்டு ஸ்பூனுக்கு மேல். உங்கள் டம்ளர் காபியில் யாராவது பன்னிரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டால் வாயில் வைக்க முடியுமா? கூல்டிரிங்ஸில் முடிகிறது. காரணம், அதில் அமிலமும் குளிர்ச்சியும் கேஸும் சேர்ந்து இனிப்பை மறைத்துவிடுகின்றன. கேஸ் போய், சூடாகிப்போன பாட்டிலைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு திகட்டும் என்று தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு வரம்பு சொன்னது. உணவில் கூடுதலாகச் சேர்க்கிற சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு இந்த 5 சதவீதம் என்பது 25 கிராம். அந்தப் பத்து ரூபாய் பாட்டிலே 21 கிராம். மிச்சம் 4 கிராம். காலையிலும் மாலையிலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ குடித்தால் இன்னும் 20 கிராம் கூடிவிடும்.

வருடக் கணக்கு இன்னும் சுவாரசியம். தினம் ஒரு 200 மில்லி பாட்டில் என்றால் 365 நாளில் உள்ளே போகும் சர்க்கரை ஏறக்குறைய 7.7 கிலோ. செலவு 3,650 ரூபாய். ஏழரை கிலோ சர்க்கரையை அந்த விலைக்கு எந்தக் கடையிலும் யாரும் வாங்க மாட்டார்கள்.

சாப்பிட்டால் வயிறு நிறையும், குடித்தால் நிறையாது

சர்க்கரை ஒன்றுதானே, ஜிலேபியில் வந்தால் என்ன, பாட்டிலில் வந்தால் என்ன? நியாயமான கேள்வி. வித்தியாசம் இருக்கிறது.

கெட்டியான உணவைச் சாப்பிட்டால் உடம்பு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த உணர்வு வரும், அடுத்த வேளை கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவோம். ரெண்டு ஜிலேபி தின்றவர் மதியம் சோறு குறைத்துக்கொள்வார். கூல்டிரிங்ஸ் குடித்தவர் அப்படிக் குறைப்பதில்லை. பிரியாணிக்கு மேல் குடிக்கும் பாட்டில், பிரியாணியைக் குறைப்பதே இல்லை. அந்த நூறு கலோரி அப்படியே கூடுதல் வரவு.

இதை நெதர்லாந்தில் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். 2012-ல் வெளியான ஆய்வு. 641 பிள்ளைகளுக்குத் தினமும் 250 மில்லி பானம் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு சர்க்கரை போட்டது, பாதிப் பேருக்கு சர்க்கரை இல்லாதது. யாருக்கு எது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது. 18 மாதம் கழித்து எடை பார்த்தபோது, சர்க்கரை இல்லாத குழுவில் சராசரியாக 6.35 கிலோ கூடியிருந்தது, சர்க்கரைக் குழுவில் 7.37 கிலோ. வளரும் பிள்ளைகள் என்பதால் எல்லாருக்குமே எடை கூடத்தான் செய்யும். அதற்கு மேல் கூடிய அந்த ஒரு கிலோ, தினம் ஒரு சின்ன பாட்டிலின் விலை.

ரத்தத்தில், கல்லீரலில் என்ன நடக்கிறது?

சர்க்கரை என்பது பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். தண்ணீரில் கரைந்தே வருவதால், நார்ச்சத்து எதுவும் தடுக்காமல் குடலிலிருந்து வேகமாக உறிஞ்சப்படுகிறது. குளுக்கோஸ் ரத்தத்தில் ஏற, கணையம் அவசரமாக இன்சுலினைச் சுரக்கிறது. ஒரு நாள், ரெண்டு நாள் என்றால் பிரச்னை இல்லை. தினமும், வருடக்கணக்கில், ஏற்கெனவே தொப்பையும் சோறும் சேர்ந்த உடம்பில் இது நடந்தால் இன்சுலின் சொல்வதைத் தசையும் கல்லீரலும் சரியாகக் கேட்பதில்லை. சர்க்கரை நோய்க்குப் பாதை இப்படித்தான் போடப்படுகிறது.

ஃபிரக்டோஸ் வேறு வழியில் போகிறது. அதன் பெரும் பங்கைக் கையாள்வது கல்லீரல். அளவுக்கு மீறி வந்தால் கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றிவிடும். டென்மார்க்கில் உடல் எடை கூடியவர்கள் 47 பேரை நாலு குழுவாகப் பிரித்து, ஆறு மாதம் தினமும் ஒரு லிட்டர் பானம் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு சர்க்கரைக் கோலா, மற்றவர்களுக்குப் பால், சர்க்கரை இல்லாத கோலா, தண்ணீர். 2012-ல் முடிவு வந்தது. மொத்த உடல் கொழுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சர்க்கரைக் கோலா குழுவில் கல்லீரலிலும் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியும் கொழுப்பு தெளிவாகக் கூடியிருந்தது. வெளியே தெரியாமல் உள்ளே சேரும் கொழுப்பு இது. "நான் ஒல்லியாத்தான் இருக்கேன், எனக்கென்ன" என்பவர்கள் இந்த ஆய்வைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

புதுச்சேரி என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மதுவில் கலப்பதற்கென்றே இங்கே நிறைய கூல்டிரிங்ஸ் விற்கிறது. மதுவும் கல்லீரலுக்குத்தான் வேலை வைக்கும், ஃபிரக்டோஸும் கல்லீரலுக்குத்தான் வேலை வைக்கும். இரண்டையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் தாங்குவது ஒரே கல்லீரல்.

சர்க்கரை நோய் அபாயம் எவ்வளவு கூடும்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் வெளியான கணக்குப்படி, தினம் ஒன்று அல்லது இரண்டு பாட்டில் குடிப்பவர்களுக்கு, அறவே குடிக்காதவர்கள் அல்லது மாதம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட டைப் 2 சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம். பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 2015-ல் வந்த இன்னொரு தொகுப்பு, தினம் ஒரு பாட்டிலுக்கு 18 சதவீதம் அதிகம் என்றது. உடல் எடையின் பங்கைக் கழித்த பிறகும் 13 சதவீதம் மிஞ்சியது. எடை கூடாவிட்டாலும் பானத்துக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று இதற்கு அர்த்தம். 26 சதவீதம் அதிகம் என்றால் நூற்றில் 26 பேருக்கு வரும் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பு கால் பங்கு கூடும். ஏற்கெனவே வாய்ப்பு குறைவாக உள்ள ஊரில் இது சின்ன எண். நாலு பேரில் ஒருவருக்கு சர்க்கரை உள்ள ஊரில் அப்படி இல்லை.

உலக அளவில் 2020-ல் மட்டும் 22 லட்சம் புதிய டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்கும் 12 லட்சம் புதிய இதய, ரத்தநாள நோயாளிகளுக்கும் இனிப்புப் பானங்கள் காரணம் என்று 2025 ஜனவரியில் 'நேச்சர் மெடிசின்' இதழ் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது.

பல், மூட்டு

கோலாவின் பிஹெச் அளவு சுமார் 2.5. பல்லின் மேல்பூச்சான எனாமல், பிஹெச் 5.5-க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கும். ஒரு பாட்டிலை அரை மணி நேரம் வைத்து மெல்ல மெல்ல உறிஞ்சுவது, ஒரே மூச்சில் குடிப்பதைவிடப் பல்லுக்குக் கெடுதல், ஏனென்றால் அவ்வளவு நேரமும் வாயில் அமிலம் இருக்கிறது. குடித்தால் உடனே வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். உடனே பிரஷ் போட வேண்டாம், இளகிய எனாமல் தேய்ந்துவிடும். அரை மணி நேரம் போகட்டும்.

வாட்ஸ்ஆப்பில் "ஒரே ராத்திரியில் பல் கரைந்துவிடும்" என்று சுற்றும் வீடியோ உண்மையில்லை. பல் வாயில் இருக்கிறது, பாட்டிலுக்குள் ஊறிக்கொண்டிருப்பதில்லை. எச்சிலும் அமிலத்தைக் குறைக்கும்.

ஃபிரக்டோஸ் உடைபடும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. தினம் இரண்டு அல்லது அதற்கு மேல் குடிக்கும் ஆண்களுக்கு கவுட் என்ற மூட்டுவலி வரும் வாய்ப்பு 85 சதவீதம் அதிகம் என்று 2008-ல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. கால் கட்டைவிரல் திடீரென வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிற வலி வந்தவர்கள், மீனையும் ஆட்டுக்கறியையும் நிறுத்திவிட்டு கூல்டிரிங்ஸை மட்டும் தொடர்வது வழக்கம். அதையும் கணக்கில் சேருங்கள்.

வெயிலில் வேலை செய்பவர்கள் குடிக்கலாமா?

பிள்ளைச்சாவடி மாதிரி கடலோர ஊர்களில் இதுதான் முக்கியமான கேள்வி. கரையில் வலை இழுப்பவர், கட்டட வேலை செய்பவர், ரோடு போடுபவர், சரக்கு இறக்குபவர் என எல்லாரும் மதிய வெயிலில் கூல்டிரிங்ஸைத் தாகத்துக்கு மட்டும் குடிப்பதில்லை. களைப்புக்கும் பசிக்கும் அதுதான். ஒரு பாட்டிலும் ஒரு பன்னும் மதியச் சாப்பாடாகிவிடும். உடனே தெம்பு வருவது உண்மைதான், அது சர்க்கரையின் வேலை. கொஞ்ச நேரத்தில் அது இறங்கியதும் இன்னொரு பாட்டில் கேட்கும்.

அமெரிக்காவில் 2019-ல் வெளியான சின்ன ஆய்வு ஒன்று இதை நேராகச் சோதித்தது. ஆரோக்கியமான 12 பேர், 35 டிகிரி வெப்பத்தில் நாலு மணி நேரம் உடல் உழைப்பு. ஒரு நாள் 2 லிட்டர் கூல்டிரிங்ஸ் குடித்தார்கள், இன்னொரு நாள் அதே அளவு தண்ணீர். கூல்டிரிங்ஸ் குடித்த நாளில் சிறுநீரகம் சிரமப்படுவதைக் காட்டும் அளவீடுகள் உயர்ந்தன. 12 பேர்தான், ஒரே நாள்தான். இதை வைத்து "கிட்னி போய்விடும்" என்று சொல்ல முடியாது. ஆனால் நம் ஊர் வெயிலில் 35 டிகிரி என்பது சாதாரண நாள். மாதக்கணக்கில் அதில் வேலை செய்பவர்கள் தண்ணீருக்குப் பதிலாகக் கூல்டிரிங்ஸ் குடிப்பது புத்திசாலித்தனம் இல்லை என்று சொல்ல இது போதும்.

வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். கூல்டிரிங்ஸில் உப்பு மிகக் குறைவு. உப்புப் போட்ட மோர், நீராகாரம், கஞ்சித் தண்ணீர், கொஞ்சம் உப்பு சேர்த்த எலுமிச்சைச் சாறு எல்லாமே இதைவிட மேல், விலையும் குறைவு. ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் உப்பு விஷயத்தில் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக நோயாளிகள் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொரு அறிகுறி இருக்கிறது. சர்க்கரை நோய் இருப்பது தெரியாத ஒருவருக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் தாங்க முடியாத தாகம் எடுக்கும். தாகத்துக்குக் கூல்டிரிங்ஸ் குடிப்பார். சர்க்கரை இன்னும் ஏறும், தாகமும் ஏறும். கடைசியில் மயக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். ஜப்பானில் இளைஞர்களிடம் இதை நிறையப் பார்த்த டாக்டர்கள் 'பெட் பாட்டில் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். எவ்வளவு குடித்தும் தாகம் தீரவில்லை, ராத்திரி மூணு நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, சாப்பிட்டும் உடம்பு இளைக்கிறது என்றால் வெயிலைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் சர்க்கரை அளவைப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கு?

4 முதல் 10 வயதுப் பிள்ளைகள் பெறும் கலோரியில் 13 சதவீதமும், 11 முதல் 18 வயதில் 15 சதவீதமும் சர்க்கரையிலிருந்து வருகிறது என்று சிபிஎஸ்இ 2025 மே மாதம் பள்ளிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கை சொன்னது. இருக்க வேண்டியது 5 சதவீதம். எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சுகர் போர்டு' பலகையை ஒவ்வொரு பள்ளியிலும் வைக்கச் சொன்னார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் இப்போது சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. ஆகவே உங்கள் பிள்ளையின் பள்ளியில் பலகை இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் தாராளமாகக் கேட்கலாம்.

எனர்ஜி டிரிங்க் என்று விற்கும் சிவப்பு, மஞ்சள் பாட்டில்கள் தனி ரகம். அவற்றில் சர்க்கரையோடு காஃபினும் அதிகம். "குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மாருக்குப் பரிந்துரைக்கப்படவில்லை" என்று லேபிளிலேயே அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். அச்சடித்தும் இருக்கிறார்கள். பள்ளிக்கூட வாசலில் அதைப் படிப்பது யார்?

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கூல்டிரிங்ஸோ பாக்கெட் ஜூஸோ கொடுக்கவே கூடாது. அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கை அதிகமாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி உண்மையான ஓஆர்எஸ் கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். 'ஓஆர்எஸ்' என்ற எழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு இதைவிடப் பல மடங்கு சர்க்கரையோடு விற்ற பானங்களுக்கு, அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதால் வந்த உத்தரவு அது.

நம்ம ஊர் பானம் என்றால் பரவாயில்லையா?

2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீர் பிரச்னையும் சேர்ந்துகொண்டது. உள்ளூர் கோலா, பன்னீர் சோடா, கோலி சோடாவுக்கு மறுவாழ்வு கிடைத்தது. உள்ளூர்த் தொழிலுக்கு நல்லது, சந்தேகமே இல்லை. ஆனால் கணையத்துக்குக் கம்பெனி எந்த ஊர் என்று தெரியாது. லேபிளில் 100 மில்லிக்கு எத்தனை கிராம் என்பதுதான் பேச்சு.

யோசித்துப் பார்த்தால், குளிர்பானங்களுக்கு எதிராக இந்தியாவில் நடந்த பெரிய சண்டைகள் எல்லாமே வேறு விஷயங்களுக்காக நடந்தவை. 2003-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கிளப்பியது பூச்சிமருந்துப் பிரச்னை. அதற்கு நாடாளுமன்றக் கூட்டுக்குழுவே அமைத்தார்கள். கேரளாவின் பிளாச்சிமடாவில் நிலத்தடி நீர். திருநெல்வேலி கங்கைகொண்டானில் ஆற்றுத் தண்ணீர். எல்லாம் நியாயமான சண்டைகள். லேபிளில் வெளிப்படையாக எழுதியிருந்த சர்க்கரையைப் பற்றித்தான் யாரும் தெருவில் இறங்கவில்லை.

சோடா மட்டும், அதாவது இனிப்பில்லாத கோலி சோடா, குடிக்கலாம். அதில் சர்க்கரை இல்லை. நன்னாரி சர்பத், ரோஸ்மில்க், ஜிகர்தண்டா எல்லாம் சிரப்பின் அளவைப் பொறுத்தது. 'நாட்டு மருந்து' என்ற பெயரால் சர்க்கரை குறைந்துவிடாது. பாக்கெட் மாம்பழ ஜூஸில் பலவற்றில் கோலாவுக்குக் குறையாத சர்க்கரை. பழத்தை அப்படியே கடித்துச் சாப்பிடுங்கள், நார்ச்சத்தாவது மிஞ்சும்.

'ஜீரோ', 'டயட்' பாட்டில்? அதில் சர்க்கரை இல்லை என்பது உண்மை. தினம் ரெண்டு பாட்டில் குடித்தவர் அதை விடுவதற்கு ஒரு படியாகப் பயன்படுத்தலாம் என்பது பல டாக்டர்களின் கருத்து. ஆனால் எடை குறைக்க செயற்கை இனிப்பை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் அஸ்பார்டேம் 'புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற பட்டியலில் சேர்ந்தது பெரிய செய்தியானது. கிலோ எடைக்கு 40 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்று அன்றே நிபுணர் குழு சொன்னது மட்டும் செய்தியாகவில்லை. பீதி வேண்டாம், பழக்கமும் வேண்டாம். அமிலம் அதிலும் இருப்பதால் பல்லுக்கு அது பாதுகாப்பில்லை.

வரி போட்டால் குறையுமா?

2025 செப்டம்பர் 22 முதல் இந்தியாவில் இனிப்பூட்டிய குளிர்பானங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். முன்பு 28 சதவீத வரி, 12 சதவீத செஸ். கூட்டினால் அதே 40. அதனால் கடையில் விலை ஏறவில்லை. இதில் சர்க்கரை 12 கிராம் உள்ள பானத்துக்கும் சர்க்கரையே இல்லாத ஜீரோவுக்கும் ஒரே வரி. அதே நாளில் கேஸ் இல்லாத பழச்சாறு பானங்களின் வரி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. பிரிட்டனில் 2018 ஏப்ரலில் வேறு மாதிரி செய்தார்கள். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் ஒரு வரி, 8 கிராமைத் தாண்டினால் கூடுதல் வரி. வரி வருவதற்கு முன்பே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. நம் வரி அரசுக்கு வருமானம் தருகிறது. சர்க்கரையைக் குறைக்கும்படி எந்தக் கம்பெனியையும் அது தூண்டுவதில்லை.

எப்படி விடுவது?

ஒரேயடியாக விட முடிந்தவர்கள் விடலாம். கோலாவில் காஃபின் இருப்பதால் ரெண்டு மூணு நாள் தலைவலி, எரிச்சல் வரலாம், போய்விடும். முடியாதவர்கள் 600 மில்லியிலிருந்து 200-க்கு இறங்கி, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று வரலாம். வீட்டு ஃபிரிட்ஜில் ரெண்டேகால் லிட்டர் பாட்டில் இருக்கும்வரை எந்தத் திட்டமும் நடக்காது. அந்தப் பெரிய பாட்டில் ஒன்றில் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை இருக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் பாட்டிலை வையுங்கள். பாதி நேரம் உடம்பு கேட்பது குளிர்ச்சியைத்தான், இனிப்பை அல்ல.

இத்தனை வருடம் தினமும் குடித்தவர்கள், 30 வயதைத் தாண்டியவர்கள், தொப்பை உள்ளவர்கள், அப்பா அம்மாவுக்கு சர்க்கரை உள்ளவர்கள் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல், மூணு மாத சராசரியான ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய் என்று அர்த்தம். டாக்டர் மறுபடி ஒரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்துவார். வெறும் வயிற்றில் 100 முதல் 125, ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 என்றால் முந்தைய கட்டம். இந்தக் கட்டத்தில் எடையைக் குறைத்து, நடந்து, இனிப்புப் பானத்தை நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவர முடிகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை.

சர்க்கரை நோயாளிகள் வீட்டில் இருந்தால் ஒரு விதிவிலக்கைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அப்போது அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாக, சுமார் 150 மில்லி சாதாரண கூல்டிரிங்ஸ் கொடுத்தால் தேவையான 15 கிராம் சர்க்கரை கிடைத்துவிடும். ஜீரோ பாட்டில் இதற்கு உதவாது. 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து, ஏறவில்லை என்றால் அதே அளவு இன்னொரு முறை. நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.